பறவையணில் ரீச்சர்

எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக யாராவது வந்தால் அவரிடம் கேட்க எங்களிடம் கேள்விகள் தயாராக இருக்கும். எந்த ஊர், எந்தக் குறிச்சி, தகப்பன் ஆர், தாய்வழியில் ஆர், ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை. இதற்கெல்லாம் மறுமொழி வந்த பிறகுதான் இருக்கக் கதிரையைக் காட்டுவோம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விலங்கியல் படிப்பிக்க அந்த ரீச்சர் வந்த அன்றும் ஆசிரியர் அறையில் நாங்கள் அப்படித்தான் காத்திருந்தோம். முதல் கேள்வியை நான் கேட்பதென்று ஏற்பாடு. தமிழ் படிப்பிக்கிறவள் என்பதாலும், வாய் கொஞ்சம் நீளம் என்பதாலும்.

நான் வாயைத் திறக்க முதலே அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீர் மத்தியானம் என்ன சாப்பிடுறனீர்?"

"சோறுதான்" என்றேன்.

"வீட்டை போயோ, இஞ்சை கொண்டுவந்தோ?"

"கொண்டுவாறனான்."

"படுக்கிறது எங்கை?"

"என்ன?"

"மத்தியானத்திலை ஒரு குட்டி நித்திரை கொள்ளுற ஆள்போலை கிடக்கு. கண்ணைப் பாத்தால் தெரியுது. எங்கை படுக்கிறனீர் எண்டு கேட்டனான்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வகுப்பில்லாத பாடவேளைகளில் நூலகத்தின் பின்மூலையில், சுருட்டி வைத்த தேசப்படங்களுக்குப் பின்னால், நான் படுப்பதுண்டு. தலைமை ஆசிரியருக்கே தெரியாத விஷயம் அது. அன்றைக்கு எங்கள் கேள்விகள் ஒன்றும் கேட்கப்படவில்லை. அவர் தானாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். ஏழு வருஷம் அந்தக் கதிரை அங்கேயேதான் இருந்தது.

அவரும் எங்கள் மருதனார்மடத்துக்காரர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. படிப்பு முடிந்த கையோடு இறக்குவானைக்கு மேலே, மழைக்காட்டை ஒட்டியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்துப் போனவர். கொஞ்சக் காலத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். வரவில்லை. கல்யாணம் பேசிக் கூப்பிட்டார்கள். அதற்கும் வரவில்லை. கலவரத்தில் பள்ளிக்கூடமும் அவர் இருந்த குவாட்டர்ஸும் எரிந்த பிறகு, அகதிகளை ஏற்றிவந்த கப்பலில், மாற்றுச் சேலைகூட இல்லாமல் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். தமையன் வீட்டுப் பின்னறை அவருக்கு என்றானது.

எரிந்த அந்த இரவைப் பற்றி அவர் கதைக்கமாட்டார். காட்டைப் பற்றித்தான் கதைப்பார். காட்டிலும் ஒரேயொரு பிராணியைப் பற்றி. தோட்டத்துச் சனங்கள் அதற்குப் பறவையணில் என்று பெயர் வைத்திருந்தார்களாம்.

பெயரைக் கேட்டு நான் எங்கள் மாமரத்து அணிலை நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உம்மடை அணில் அதின்ரை முன்னங்கை அளவுக்குக்கூடக் காணாது" என்றார். ஒரு நல்ல பூனையளவு உடம்பு, அதைவிட நீளமான பஞ்சு வால், கருஞ்சிவப்பு மயிர். பகல் முழுக்க உயரமான மரத்தின் பொந்துக்குள் நித்திரை. பொழுது சாயும் மைம்மல் நேரத்தில் பொந்து வாசலுக்கு வந்து, தலையை ஒருக்கால் அங்காலும் ஒருக்கால் இங்காலுமாக ஆட்டி, எதிர்மரம் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளக்கும். பிறகு பாயும். பாய்ந்த கையோடு கைக்கும் காலுக்கும் இடையிலுள்ள தோல் விரியும். மணிக்கட்டில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, தோலின் நுனியை அது இழுத்துப் பிடிக்கும். சத்தமேயில்லாமல் ஒரு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துக்கே போய், கடைசி நேரத்தில் உடம்பை நிமிர்த்தி, எதிர்மரத்தின் தண்டில் நாலு காலையும் ஒன்றாகப் பதித்து ஒட்டிக்கொள்ளும்.

"பட்டம் மாதிரி" என்றேன் நான்.

"பட்டத்துக்கு நூல் வேணும்."

"அப்ப, காத்திலை போற இலை மாதிரி."

"இலைக்கு எங்கை போறம் எண்டு தெரியாது. உதுக்குத் தெரியும்." எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கடை தமிழ் ஆக்களுக்கு ஒரு வசதி. ஒண்டை இன்னொண்டு மாதிரி எண்டு சொல்லிப்போட்டால், பேந்து ரெண்டையும் வடிவாப் பாக்கத் தேவையில்லை."

அவரிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. இருந்தாலும் அடுத்த நாளும் அவர் கதிரைக்குப் பக்கத்தில்தான் போய் இருப்பேன். எனக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்.

அவருக்குப் பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். உயர்தர வகுப்பில் ஒரு பெட்டை, "ரீச்சர், சிறகில்லாமல் எப்பிடிப் பறக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். "பறக்காது, மிதந்து இறங்கும்" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளின் முகத்தில் விளங்கிய மாதிரித் தெரியவில்லை. உடனே எல்லாரையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கிடந்த பழைய சால்வையை விரித்து இரண்டு நுனியை மணிக்கட்டுகளிலும் மற்ற இரண்டை இடுப்பிலும் ஊசியால் குத்திக்கொண்டார். மேடையில் ஏறினார். கையை விரித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் மண்டப வாசலில் நின்றார்.

"என்ன ரீச்சர் உது?"

"இறங்கிறன் சேர்" என்றார் அவர், முழங்காலைத் தடவிக்கொண்டு.

அன்று பின்னேரத்துக்குள் பெயர் சந்தை வரைக்கும் போய்விட்டது. மரக்கறிக்காரப் பெண்கள்கூட, "பறவையணில் ரீச்சர் வாறா, நல்ல கத்தரிக்காயை மேலை எடுத்து வை" என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர் கோபிக்கவில்லை. ரீச்சர் என்பதைவிட அது கொஞ்சம் உயர்வான பதவி என்று நினைத்தாரோ என்னவோ.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய ஆளாக மட்டும் அவரை நினைத்திருந்த எனக்கு, எண்பத்தேழில் அவரைக் கண்டு கொஞ்சம் பயம் வந்தது. இந்திய ஆமி வந்து ஷெல் அடி தொடங்கியபோது நாலாபக்கத்திலிருந்தும் சனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிறைந்துவிட்டது. நாங்கள் வழக்கம்போல எந்த ஊர், ஆருடைய ஆக்கள் என்று விசாரித்து, ஊருக்கொரு வகுப்பறையாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் பாய்க்குப் பாய் குனிந்து, என்ன சாப்பிட்டுப் பழக்கம், எங்கே படுத்துப் பழக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

குருநகர்க் கிழவர் ஒருவர் வகுப்பறைக்குள் வரமாட்டேன் என்று வெளியில், வெட்டவெளியில், குந்தியிருந்தார். வீம்பு என்றார்கள் சிலர். கிறிஸ்தவ வேதக்காரர், எங்கள் சைவ ஆட்களோடு இருக்க ஒப்பாது என்றார்கள் வேறு சிலர். இவர் போய்ப் பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்தார்.

"அவர் சின்னனிலை இருந்து கடற்கரையிலை படுக்கிற மனுசன். கூரைக்குக் கீழை படுத்தால் மூச்சு முட்டுதாம். வடக்கு விறாந்தையின்ரை கடைசித் தொங்கலிலை காத்து வரும், அதைக் குடுங்கோ. மூண்டு நாளாச் சாம்பாறு. மனுசனுக்குத் தொண்டையாலை இறங்கேல்லை. ஒரு கருவாட்டுத்துண்டு கிடைச்சால் சுட்டுக் குடுங்கோ."

கோயில் பக்கத்தால் சமையலுக்கு உதவிய பெரியவர்கள் முகத்தைச் சுழித்தார்கள். பள்ளிக்கூடத்தின் பின்மதிலுக்கு அப்பால் வைத்துக் கருவாடு சுடப்பட்டது. கிழவர் அன்றிரவு விறாந்தையின் தொங்கலில் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

"உவ மனிசரையும் மிருகத்தைப் பாக்கிறமாதிரித்தான் பாக்கிறா" என்று ஆசிரியர் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார்.

"வேறை எப்பிடிப் பாக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார் இவர்.

அதுகூடப் பரவாயில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே இருந்தாள். செல்லமாக வளர்த்த ஒரே பிள்ளை, ஷெல்லில் போனவன். யாரும் பக்கத்தில் போகத் துணியவில்லை. போனவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவர் போய், "ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். எனக்குத் தலைக்கு மேலே கோபம் ஏறிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "உங்களுக்கு மனம் எண்டு ஒண்டு இருக்கோ?" என்று சத்தம் போட்டேன். அந்தத் தாய் பின்னாலேயே எழும்பி வந்தாள்.

"அவவை ஏசாதை பிள்ளை" என்றாள். "எல்லாரும் எப்பிடி நடந்தது, ஏன் நடந்தது எண்டுதான் கேக்கினம். எனக்கு என்ன தெரியும்? இப்ப இவ கேட்டதுக்குத்தான் எனக்கு மறுமொழி தெரியும். ஒண்டும் சாப்பிடேல்லை, பிள்ளை."

இவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சி வார்த்துக் கொடுத்தார். அவள் குடித்து முடியும் வரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் பக்கத்தில் இருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் அவரில் உண்மையான அன்பு வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மாசிப் பக்கம். இந்திய ஆமி மூட்டைமுடிச்சுக் கட்டிக்கொண்டிருந்த நேரம். பாதை திறந்திருந்தது. இங்கிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் லொறிகள், திரும்பும்போது வீட்டு நிலைகளுக்கு மரக்குற்றி ஏற்றிக்கொண்டு வரும். சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் அப்படி வந்த குற்றி ஒன்றை இறக்கும்போது, அதன் கோறைப் பொந்துக்குள்ளிருந்து ஏதோ சீறியிருக்கிறது. இறக்கினவர்கள் பாம்பென்று ஓடிவிட்டார்கள். முதலாளி எட்டிப் பார்த்தால் இரண்டு பெரிய கண்கள். பூனையுமில்லை, மரநாயுமில்லை.

நல்ல மனிதர் அவர். ஒரு பிராணியைக் கொல்ல மனமில்லாதவர். மரத்தில் இருந்த சாமானை மரத்தில் விட்டால் தன்பாட்டில் போய்விடும் என்று நினைத்து, சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடித்து, மரக்காலைக்குப் பின்னாலிருந்த பனங்கூடலுக்குக் கொண்டுபோய் ஒரு பனையின் அடியில் விட்டார். அது சரசரவென்று ஏறி ஓலைக்குள் மறைந்தது. எல்லாரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

பனைமட்டையின் இரண்டு கரையும் கருக்கு. வாள்ப்பல்லுப் போலக் கூர். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும், அதில் கையை இழுக்கக்கூடாதென்று. அதற்கு எப்படித் தெரியும்? மைம்மலில் பாய்வதற்குத் தோலை விரித்திருக்கிறது. கருக்கு அதை இடப்பக்கம் விலாவிலிருந்து முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது. கீழே கிளுவை வேலிக்குள் விழுந்து கிடந்ததை அடுத்த நாள் காலையில்தான் கண்டார்கள். அப்போதுதான் யாருக்கோ ரீச்சரின் ஞாபகம் வந்திருக்கிறது.

நானும் கூடப் போனேன். அவர் வேலிக்குப் பக்கத்தில் குந்தி அதைப் பார்த்தார். ஏழு வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பிராணி. சாக்கை விலக்கிக் கிழிந்த தோலை விரலால் தொட்டார். அது கடித்தது. விரலில் இரத்தம் வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல்முறை.

"ரீச்சர், நான் நல்லதுக்குத்தான் செய்தனான்" என்றார் முதலாளி, தலையைச் சொறிந்துகொண்டு. "எங்களுக்கு மரமெண்டால் பனைதானே."

"உங்களிலை பிழையில்லை. நான் காட்டுக்குப் போன முதல் நாள், அங்கை இருக்கிற மரங்களிலை கருக்கைத் தேடினனான்."

பக்கத்து ஊரான திருநெல்வேலியிலிருந்து மிருக வைத்தியரைக் கூட்டிவந்தோம். "எனக்கு ஆடுமாடுதான் பழக்கம். உதுக்குத் தையல் போட்டால் இழுபட்டுக் கிழியும். புண்ணைக் கழுவி மருந்து போடுங்கோ, தானாக் கூடும்" என்றார் அவர். கூடினால் மிதக்குமா என்று கேட்டார் இவர். அது தனக்குத் தெரியாது என்றார் வைத்தியர்.

தமையன் வீட்டுக் கோழிக்கூடு அதற்கு வீடானது. கோழிகள் ஊருக்கே கேட்கும்படி முறைப்பாடு செய்தன. கோயில் ஆலமரத்துப் பழம், மாங்கொழுந்து, பலாச்சுளை, இலுப்பைப் பூ என்று பள்ளிக்கூடமே கொண்டுவந்து கொடுத்தது. சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன சாப்பிடுது? நித்திரை கொண்டதோ?" என்று விசாரித்துவிட்டுப் போகும். ஏழு வருஷத்தில் ஊருக்கு அவருடைய நோய் தொற்றிவிட்டது.

சித்திரை வருஷம் பிறந்தபோது புண் ஆறியிருந்தது. ஆனால் தோலில் ஒரு துண்டு இல்லாமலே போய்விட்டது. இடப்பக்கத்தில் ஒரு கை புகக்கூடிய வெட்டு.

"இதைத் திருப்பிக் கொண்டுபோய் விடவேணும்" என்றார் என்னிடம். "இஞ்சை வைச்சிருந்தால் கோழி. அங்கை போனால்தான் அது அதுவாக இருக்கும்."

"மிதக்கேலாமல் போனால்?"

"மிதக்கேலாமல் போனால் ஏதாவது ஒரு மிருகம் அதைப் பிடிச்சுத் தின்னும். அது எனக்குத் தெரியும்." கோழிக்கூட்டின் கொக்கியைப் போட்டார். "எனக்குப் பயமாக் கிடக்கு."

அணிலை நினைத்துப் பயமென்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்னது தன்னை. அந்த மலையில் கால் வைக்கத் தன்னால் முடியுமோ தெரியவில்லை என்றார். தோட்டத்திலிருந்து இரண்டு மூன்று வருஷமாகவே ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம், தகரம் போட்டுப் பள்ளிக்கூடம் திரும்பக் கட்டியாகிவிட்டது, பெரிய வகுப்புகளுக்கு ஆளில்லை, டீச்சர் வரமுடியுமா என்று. ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எரிக்க வந்தவர்கள் லொறியில் வந்ததால், ராத்திரியில் லொறிச் சத்தம் கேட்டால் இப்போதும் எழும்பிக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாராம். பக்கத்துக் கதிரையில் அத்தனை வருஷம் இருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது.

தமையன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "எரிச்சுக் கலைச்ச இடத்துக்கு அணில் காவிக்கொண்டு போறாளாம்" என்று என்னிடம் வந்து முறையிட்டார். தனியாக விடமுடியாது, துணைக்கு நீர் போம் என்று கடைசியில் என் தலையில் கட்டினார். நான் அதுவரைக்கும் வவுனியாவைத் தாண்டியதில்லை. சிங்களத்தில் எண்ணிக்கைகூட ஒழுங்காகத் தெரியாது. ஏன் ஓம் என்றேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வைகாசி தொடக்கத்தில் ஒரு வெங்காய லொறியின் முன்சீட்டில் நாங்கள் மூன்று பேர். லொறிக்கார அண்ணை, நான், அவர். அவர் மடியில் அணில் இருந்த ஓலை மூடுபெட்டி. பகல் என்பதால் அது நல்ல நித்திரை. ஆனையிறவில் சிங்கள ஆமிக்காரன் ஒருவன் ஏறிப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். நான் லொறிக்கார அண்ணையின் பக்கம் ஒதுங்கினேன். அவர் மூடியைக் கொஞ்சமாக விலக்கி, "ஹம்பாவா" என்று ஒரேயொரு சொல் சொன்னார். சிங்களத்தில் அதன் பெயராம். அந்தப் பையன் துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டான். பிறகு கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லத் தொடங்கினான். இவரும் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. போகும்போது தன்னிடமிருந்த வாழைப்பழத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கினான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"அவன்ரை ஊரிலையும் இருக்காம். கித்துள் மரத்துப் பூவைத் தின்னுமாம். அது எனக்குத் தெரியாது" என்றார். வவுனியா வரைக்கும் அந்தக் கித்துள் பூவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்.

இரத்தினபுரியில் லொறி வெங்காயம் இறக்க நின்றது. அங்கிருந்து பஸ், பிறகு நடை. மலை ஏறஏற அவர் கதை குறைந்துகொண்டே வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. என் காலில் அட்டை ஏறி இரத்தம் ஓடியதைக் கண்டு நான் குழறினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வளைவில் கூரையில்லாத கருகிய சுவர் ஒன்று தெரிந்தது. தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அதைக் கடந்தார். மூடுபெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையைக் கூட்டினார்.

தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. "டீச்சர் வந்துட்டாங்க!" என்று சனம் ஓடிவந்தது. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரிடம் படித்தவளாம். அவளுடைய இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை.

"புள்ளைங்க எல்லாம் எட்டாம் வகுப்போட நின்னுருச்சுங்க. கொழுந்துக்குத்தான் போகுதுங்க. எம்புள்ளைக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுப்பா?"

"பாப்பம்" என்றார் அவர்.

பார்ப்போம் என்று எங்கள் ஊரில் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாளைக்கு விடிய லொறி இரத்தினபுரியிலிருந்து திரும்பும், இரண்டு பேரும் அதில் ஏறிவிடுவோம் என்று மனதுக்குள் நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

மைம்மலுக்கு முதல் காட்டு விளிம்புக்குப் போனோம். தோட்டத்தின் கடைசித் தேயிலைச் செடிக்கு அப்பால் நிலம் சரிந்து ஒரு சிற்றாறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் தனியாக ஒரு பெரிய மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். அதன் அடியில் மூடுபெட்டியை வைத்துத் திறந்துவிட்டு நாங்கள் பின்னுக்கு வந்து கல்லொன்றில் இருந்தோம். அது வெளியே வந்தது. மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தது. பிறகு தண்டில் தாவித்தாவி ஏறத் தொடங்கியது. ஏறியது, ஏறியது, மேலே ஒரு கொப்பில் போய் இருந்துகொண்டது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அது அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"உது பாயாது" என்றேன் மெதுவாக. "பனையிலை பாஞ்சது ஞாபகம் இருக்கும்."

கொப்பிலிருந்த தலை ஒருக்கால் அங்காலும் ஒருக்கால் இங்காலும் ஆடியது. பாய்ந்தது.

தோல் விரிந்ததைக் கண்டேன். வானத்துக்கு நேரே அந்த வெட்டும் நன்றாகத் தெரிந்தது. நேரே போய்க்கொண்டிருந்த உடம்பு பாதிவழியில் இடப்பக்கமாகச் சரிந்தது. சரிந்து சரிந்து, அது குறிவைத்த மரத்தைத் தவறவிட்டு, மிகக் கீழே, அந்தப் பக்க ஆற்றங்கரைப் பற்றை ஒன்றுக்குள் போய் விழுந்தது. அவர் எழும்பிவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்.

நான் அழத் தொடங்கிவிட்டேன். எனக்கு விலங்குகளில் ஆசை இல்லை. ஆனாலும் அழுதேன்.

"அழாதையும். அங்கை பாரும்."

பற்றைக்குப் பக்கத்து மரத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல, ஒவ்வொரு அடியாக. அந்த மரத்தின் உச்சிக்குப் போய் நின்றது. காட்டு விளிம்பில், ஆற்றின் மேல் சாய்ந்தபடி எதிரே ஒரு அத்தி மரம், பழம் குலைகுலையாகத் தண்டிலேயே காய்த்துக் கிடந்தது. தலை ஆடியது. இந்த முறை வெகுநேரம் ஆடியது. பிறகு பாய்ந்தது, ஆனால் அத்தியை நோக்கியல்ல. அத்திக்கு வலப்பக்கம், மரமே இல்லாத வெறும் இடத்தை நோக்கி. பிழையான பக்கம் பாய்கிறதே என்று நான் குழறப் பார்த்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பாதிவழியில் உடம்பு முன்னைப்போலவே இடப்பக்கம் சரிந்தது. சரிந்த சரிவிலேயே போய், கடைசியில் நிமிர்ந்து, அத்தியின் தண்டில் நாலு காலையும் பதித்தது.

அவர் என் கையை விடவில்லை. நகம் பதிந்து நொந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாது. அத்திப்பழம் ஒன்று பொத்தென்று ஆற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"சாப்பிடுது" என்றார்.

இருட்டில் இறங்கி வந்தோம். கருகிய சுவரிருந்த வளைவுக்கு வந்ததும் அவர் நின்றார். நான் கையைப் பிடித்துக் கடக்கப் பார்த்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு தன் பழைய குவாட்டர்ஸின் வாசல் நிலை இருந்த இடத்தால் உள்ளே போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். அங்கே முளைத்திருந்த செடிகளைக் காலால் விலக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றேன். ஒரு அட்டை என் கழுத்தில் ஏறியது. நான் சத்தம் போடவில்லை.

வெளியே வந்து, "சுவர் நல்ல உறுதியாத்தான் நிக்குது" என்றார். "கூரையை மட்டும் போட்டால் போதும். விடிய நீர் மட்டும் போம்."

"நீங்கள்?"

"திங்கட்கிழமை பள்ளிக்கூடம்."

"அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?"

அவர் யோசித்தார். உண்மையாகவே பெரிய யோசனை.

"அலுமாரியிலை என்ரை சேலையள் கிடக்கு. கட்டி அடுத்த லொறியிலை ஏத்திவிடச் சொல்லும். வெள்ளைச் சேலையள் வேண்டாம். இஞ்சை அட்டை கடிச்சு ரத்தக்கறை பிடிச்சுப் பழுதாப் போகும். அதுகளை நீர் எடுத்துக் கட்டும்."

தமையன் ஏசிக்கொண்டேதான் கட்டினார். மூட்டை அடுத்த வெங்காய லொறியில் போனது. அது போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. மருதனார்மடத்தில் நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.